பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

எங்கள் ஜெப வீட்டில் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் காலை பத்து மணிக்குத் தொடங்கும். பாட்டு முடிந்ததும் பாஸ்டரம்மா ஒரு நோட்டை மடியில் விரித்துக்கொண்டு, பாயில் உட்கார்ந்திருப்பவர்களிடம் வரிசையாக ஜெபக்குறிப்பு கேட்பார். யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பு சொல்லி முடித்ததும் நாங்கள் இருபது பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்போம். திருச்சுழி ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பவர்களுக்கும் அது கேட்கும்.

என் குறிப்பு எப்போதும் முட்டிவலிதான். மோட்டார் மாட்டாத தையல் மிஷினை நாள் முழுவதும் மிதிக்கிறவளுக்கு வேறு என்ன வரும். பக்கத்தில் உட்காருகிறவளின் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. அதற்கடுத்தவளின் மகன் வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட முதலாளியிடம் மாட்டியிருந்தான். அவர்கள் சொல்லும்போது கூட்டமே உருகும். என் முறை வந்து முட்டிவலி என்றதும் பாஸ்டரம்மா புதிதாக எழுதக்கூட மாட்டார். போன வாரம் எழுதியதற்குப் பக்கத்தில் ஒரு டிக் போடுவார். இதற்கெல்லாமா பொறாமைப்படுவாய் என்று கேட்டால், ஆமாம், பட்டேன்.

ஜாக்கெட் தைக்கிறவளுக்குத் தெருவில் பாதிப் பேருடைய ரகசியம் தெரியும். யாருக்கு ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும், யார் முதுகில் எந்தத் தழும்பு, கல்யாணத்துக்கு அளவு கொடுத்த பெண் இரண்டே மாதத்தில் ஏன் இடுப்பைத் தளர்த்தச் சொல்கிறாள், எல்லாம் அளவு நாடாவுக்குத் தெரிந்துவிடும். இருபது வருடத்தில் ஒன்றையும் நான் வெளியே விட்டதில்லை. என் வாய்க்குப் பூட்டு உண்டு என்று தெருவில் எனக்குப் பெயர். அந்த நம்பிக்கையில்தான் பக்கத்து வீட்டுக்காரி தன் மகளின் விஷயத்தை என்னிடம் சொன்னாள்.

அவர்கள் நெசவுக் குடும்பம். முன்னறையில் இரண்டு பவர்லூம் தறி. வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். பதினைந்து வருடமாக நடுவில் ஒற்றைச் சுவர்தான். குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் ஊரில் பக்கத்து வீடு என்பது பெரிய விஷயம். நான் ஜெபத்துக்குப் போயிருக்கும்போது தண்ணீர் வந்தால், அவள் தன் குழாயில் மாட்டிய ஹோஸைச் சுவருக்கு மேலே போட்டு என் டிரம்மையும் நிரப்பிவிடுவாள். அவள் கோயிலுக்குப் போயிருந்தால் நான் அதையே செய்வேன். ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதே கிடையாது.

மகளுக்குப் பத்தொன்பது வயதில் வலிப்பு வந்தது. தறிச் சத்தத்தில் அவள் கீழே விழுந்ததே யாருக்கும் கேட்கவில்லை. தாய்தான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். தாயும் மகளும் சேர்ந்து மதுரைக்குக் கிளம்பினால் சொந்தக்காரர்கள் எங்கே, எதற்கு என்று துருவுவார்கள். நான் லைனிங் துணியும் லேஸும் வாங்க மாதம் ஒருமுறை மதுரைக்குப் போகிறவள். என்னோடு போனால் துணி எடுக்கப் போகிறாள் என்று முடிந்துவிடும்.

"யக்கா, வெளிய மட்டும் சொல்லிராதீக. பிள்ளை நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

நான்கு வருடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். காரியாபட்டி தாண்டும்வரை அவள் என் தோளில் தூங்குவாள். ஆஸ்பத்திரி முடிந்ததும் உண்மையாகவே துணி வாங்கிக்கொண்டு திரும்புவோம். ஆஸ்பத்திரி பைல் அவர்கள் வீட்டில் இருந்தால் யார் கையிலாவது சிக்கும் என்று என் பீரோவில் சேலைக்கு அடியில் இருந்தது. அதிலிருந்து முதல் தடவை எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டை மட்டும் எடுத்து என் பைபிளில் வைத்துக்கொண்டேன், தினமும் காலையில் கண்ணில் படட்டும் என்று. மாத்திரை கேட்டது. இரண்டு வருடமாக அவளுக்கு வலிப்பு வரவில்லை. டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய சமயம், ஒரு வெள்ளிக்கிழமை என் முறை வந்தது. பாஸ்டரம்மா டிக் போடுவதற்குப் பேனாவைத் தயாராக வைத்திருந்தார். "வேற ஒரு பாரம் இருக்கு" என்றேன். பேனா நின்றது. எனக்கு அது நன்றாக இருந்தது.

"பேரு சொல்லக் கூடாது. எங்க தெருவுல ஒரு பிள்ளை. நெசவுக்காரவுக. வலிப்பு இருக்கு. மாப்பிள்ளை பாக்காக. யாருக்கும் தெரியாம மாத்திரையில ஓடிக்கிட்டிருக்கு. அந்தப் பிள்ளைக்கு விடுதலை வேணும்."

பெயர் சொல்லவில்லை என்பதில் எனக்கு அப்போது ஒரு பெருமைகூட இருந்தது. எங்கள் தெருவில் நெசவு செய்யும் வீடு ஒன்றுதான், அதில் கல்யாண வயதுப் பெண்ணும் ஒருத்திதான் என்பது இருபது பேருக்கும் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அல்லது தோன்றியதை நான் கண்டுகொள்ளவில்லை. எது சரி என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அன்றைக்குச் சபை ஜெபித்த ஜெபத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முட்டிவலிக்கு யாரும் அழுததில்லை.

எங்கள் கூட்டத்துக்கு எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு சகோதரி வருவார். பருத்தி எடுக்கும் கூலி வேலை. வேலையை விட்டுவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை வருவார். அவரைப் போல அன்பான ஆள் சபையில் கிடையாது. என் குறிப்பைக் கேட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் மூன்று வெள்ளிக்கிழமை தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தப் பிள்ளைக்காக உபவாசம் இருந்திருக்கிறார். நான் அந்த மூன்று வெள்ளியும் வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டேன்.

நான்காவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் மதுரையிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். தறியை நிறுத்தியிருந்தார்கள். நான் அடுப்படியில் கேசரியைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். சொந்த அக்கா மாதிரி கூட நிற்க வேண்டும் என்று அவள் கூப்பிட்டிருந்தாள். வாசலில் ஒரு குரல் கேட்டது. எனக்குப் பழக்கமான குரல். எட்டிப் பார்த்தால் எம்.ரெட்டியபட்டி சகோதரி, சபை முடிந்து நேராக வந்து நிற்கிறார், கையில் ஜெபித்த எண்ணெய் பாட்டில். பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீதானம்மா அது? மூணு வாரமா உனக்காகத்தான் ஜெபம். அந்த வலிப்பு உன்னைய விட்டுப் போயிரும். நெத்தியில கொஞ்சம் எண்ணெய் வச்சுக்கோம்மா."

மாப்பிள்ளையின் தாயார் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. அவர்கள் கேசரியைக்கூட முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். இரண்டு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்ததாம். ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் பெண் பார்க்கவே வந்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அடுத்த தடவை தண்ணீர் வந்தபோது நான் டவுனில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தேன். ஹோஸ் அவள் பக்கத்து ஆணியில் வட்டமாகச் சுருட்டித் தொங்கியது. என் டிரம் காய்ந்து கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் முட்டி வலிக்க மண்டியிட்டு ஆண்டவரிடம் சொன்னேன். நான் பாவம் செய்தேன், பெருமைக்காக அடுத்த வீட்டு ரகசியத்தை விற்றேன், என்னை மன்னியும் என்று அழுதேன். நிஜமான அழுகைதான். கால் மணி நேரத்தில் மனது லேசாகிவிட்டது. எழுந்து காபி போட்டேன். சர்க்கரை சரியாக இருந்தது. இதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. அந்தப் பக்கம் ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று தெரியவில்லை, இந்தப் பக்கம் எனக்குக் காபி ருசிக்கிறது. மன்னிப்பு வந்துவிட்டதா, அல்லது அழுது முடித்த சுகமா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் தட்டில் வருவதற்கு முன் பாஸ்டர் சில நிமிடம் பேசாமல் நிற்பார். யார்மேலாவது மனத்தாங்கல் உள்ளவர்கள், யாருக்காவது தவறு செய்தவர்கள், தட்டைத் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். அந்த வழக்கம் எல்லாச் சபையிலும் இருக்கலாம். எங்கள் சபையில் யார் தள்ளினார்கள் என்று எல்லோரும் கவனிப்பார்கள் என்பதும் அந்த வழக்கத்தில் சேர்ந்ததுதான். நான் தள்ளிவிட்டேன். நாற்பது பேர் பார்த்தார்கள். என்னவாக இருக்கும் என்று ஆளுக்கொன்று நினைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் வேலை வேலையென்று திருப்பூரிலேயே கிடப்பதால் சிலர் நினைத்தது என்னவென்று எனக்கே தெரியும். அடுத்த மாதமும் தள்ளிவிட்டேன்.

பாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டு விசாரித்தார். என் வாயால் ஒருவருக்குக் கெடுதல் நடந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். விவரம் சொன்னால் அதே ரகசியத்தை இரண்டாம் தடவை சொன்னதாகும். அவர் துருவவில்லை. "முதல்ல அவுககிட்டப் போய் ஒப்புரவாகுங்க சிஸ்டர். அப்புறம் வந்து பாத்திரத்தைத் தொடுங்க" என்றார்.

போனேன். மதியம், தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தவில்லை. சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தான் சொன்னேன். ஜெபத்துலதான் சொன்னேன். என்னைய மன்னிச்சிரு."

"தெரியும்க்கா."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்லி என்னத்தப் பண்ண? என் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருமா?"

எங்கள் ஊரில் மனிதருக்கு மனிதர் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் கிடையாது. சண்டை போட்டவர்கள் ஒரு கிண்ணம் குழம்பைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அதோடு தீர்ந்துவிடும். குழம்பால் தீராத விஷயத்துக்கு என்ன செய்வது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அவளே எழுந்து போய்த் தறியை நிறுத்தினாள்.

"ஒண்ணு செய்யுங்க. எங்க சொன்னீகளோ அங்கயே போயி, அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"உண்மையச் சொல்லித்தானக்கா இந்தக் கதி."

நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த முதல் ஞாயிறு, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை ஆளாளுக்கு எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் நானும் எழுந்து நின்றேன். "கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு பிள்ளைக்காக ஜெபக்குறிப்பு சொன்னேன். அது இல்லாத விஷயம். எல்லாரும் என் குறிப்பைக் கவனிக்கணும்னு நானாச் சேத்துச் சொன்னது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வியாதியும் கிடையாது. நான் பொய் சொன்னேன். ஆண்டவரும் சபையும் என்னைய மன்னிக்கணும்."

தட்டுத் தடுமாறாமல் வந்தது. செய்த பாவத்தைச் சொல்ல இரண்டு மாதம் நாக்கு எழவில்லை. செய்யாத பாவத்தை அறிக்கையிட ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. எல்லோரும் எழுந்து வந்து என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஜெபம் அதுதான். எம்.ரெட்டியபட்டி சகோதரி என்னைக் கட்டிக்கொண்டார். நான் ஒரு பொய்க்காரி, தான் மூன்று வெள்ளி பட்டினி கிடந்தது என்னால் வீணாயிற்று என்று நினைத்திருக்க வேண்டியவர் அவர்.

"அப்ப அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லையா சிஸ்டர்? ஸ்தோத்திரம். எனக்கு அது போதும்" என்றார்.

வெட்கத்தில் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தட்டு வந்தது. எடுத்துக்கொண்டேன். எடுத்திருக்கக் கூடாது என்று தெரிந்தே எடுத்துக்கொண்டேன். நாற்பது பேர் மன்னித்துவிட்ட பிறகு தட்டைத் தள்ளிவிட்டால் அதற்கு நான் வேறொரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊருக்குள் அந்தச் செய்தியும் முதல் செய்தி போன வழியிலேயே போய்ச் சேர்ந்தது. தையல்காரி கட்டிவிட்ட கதையாம், பிள்ளைக்கு ஒன்றும் இல்லையாம் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு நான்கைந்து பேர் தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அது எனக்கு நியாயமாகவே பட்டது. மறுவாரம் தண்ணீர் வந்த அன்று நான் ஜெப வீட்டிலிருந்து திரும்பியபோது ஹோஸ் சுவருக்கு மேலாக என் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. டிரம் விளிம்புவரை நிறைந்திருந்தது. நான் டிரம்மைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். சந்தோஷமாக இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்த கையோடு அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். பெண் பார்க்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என் வாசலை மிதிக்கவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பெரியம்மா, என் பைலைக் குடுங்க."

"எதுக்கும்மா? அம்மா கேட்டுச்சா?"

"நாந்தான் கேக்கேன். நாளைக்கழிச்சு வேற எடம் வாராக. நானே சொல்லப் போறேன். காட்டிச் சொல்லணும்ல."

பீரோவைத் திறந்து பைலை எடுத்தேன். அவள் தாய்க்கு இது தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல், பில்லில் உள்ளதை வாசிப்பதுபோலச் சொன்னாள்.

"எனக்கு இருக்குன்னு சொன்னதும் நீங்க. இல்லைன்னு சொன்னதும் நீங்க. ரெண்டு தடவையும் என்னையக் கேக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆண்டவரிடம் கேட்டேன். தாயிடம் கேட்டேன். சபை முழுவதிடமும் கேட்டேன். இவளிடம் கேட்கவே இல்லை. நான்கு வருடம் என் தோளில் தூங்கியவள். "என்னைய மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் தையல் மேஜையில் பைலை விரித்து, என் முன்னாலேயே ஒவ்வொரு தாளாகத் தேதி பார்த்துப் புரட்டினாள். ஒன்றும் தொலையவில்லையே என்று பார்க்கிறாள். நான்கு வருடம் என்னிடம் இருந்த காகிதங்கள். அவள் அப்படிப் பார்ப்பதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"மொதத் தடவை எழுதிக் குடுத்த சீட்டு இல்லையே" என்றாள்.

பைபிளை எடுத்து அதிலிருந்து சீட்டை உருவிக் கொடுத்தேன். மடிப்பில் கிழியும் பக்குவத்தில் இருந்தது. "ஜெபம் பண்றதுக்கு வச்சிருந்தேன். தினமும் பண்றேன்மா. அது பொய்யில்ல" என்றேன்.

அவள் சீட்டை நீவிப் பைலில் வைத்தாள். வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"பண்ணுங்க பெரியம்மா. சத்தமில்லாமப் பண்ணுங்க."

இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. என்னைக் கூப்பிடவில்லை. மிஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தறியை நிறுத்தினார்கள். தறி நின்றுவிட்டால் அந்தச் சுவர் வழியாக எல்லாம் கேட்கும். முதலில் ஆண்களின் பேச்சு, டம்ளர் சத்தம். பிறகு அவள் குரல், தெலுங்கில். பதினைந்து வருடத்தில் எனக்கு அவர்கள் தெலுங்கு நன்றாகவே புரியும்.

ஒரு வெட்டுத்துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்து மிதிக்க ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காத அளவுக்கு வேகமாக மிதித்தேன். ஜெபத்துக்கும் வாயைத் திறக்கவில்லை. துணி முடிந்ததும் அதையே திருப்பிப் போட்டு, தைத்த இடத்திலேயே மறுபடி தைத்தேன். முட்டி வலித்தது. கார் கிளம்பிப் போகும்வரை நிறுத்தவில்லை.